கண்ணை மூடி உட்காருவதா, திறந்து உட்காருவதா? மூன்று மாதமாக இதிலேயே நிற்கிறேன்

புதுத்தளிர் | திங்கள், காலை 6:42

எல்லோருக்கும் வணக்கம். தியானத்துக்கு உட்கார ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் காலையில் 25 நிமிடம், மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். வேறு எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

கண்ணை மூடினால் முதல் ஐந்து நிமிடம் நன்றாக இருக்கிறது. மூக்கு நுனியில் காற்று குளிர்ச்சியாக உள்ளே போவதும் இளஞ்சூட்டோடு வெளியே வருவதும் தெளிவாகத் தெரிகிறது. அப்புறம் படம் ஓட ஆரம்பித்துவிடும். யோசனை என்று சொல்ல முடியாது, நிஜமாகவே படம்தான். பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தி படியிறங்கி வருகிறாள். யாரோ ஒரு கதவைத் திறக்கிறார்கள், கதவுக்குப் பின்னால் கடல். தலை முன்னால் தொங்கி, கழுத்து சட்டென்று வெட்டி இழுக்கும்போதுதான் சுயநினைவு வருகிறது. மூச்சு எப்போது கைநழுவியது என்றே தெரியவில்லை.

கண்ணைத் திறந்து உட்கார்ந்தால் தூக்கம் இல்லை. ஆனால் எதிரே தரையில் ஒரு கீறல் இருக்கிறது. விரல் நீளம்தான், நுனியில் இரண்டாகப் பிரியும். கண் போய் அதில் ஒட்டிக்கொள்கிறது. நாற்காலி இழுத்ததில் விழுந்திருக்குமா, முன்பே இருந்ததா என்று அதன் பின்னாலேயே போய்விடுகிறேன். மணி அடிக்கும்போது பார்த்தால் 25 நிமிடமும் கீறலோடு போயிருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கண்ணை மூடினால்தான் உள்ளே போக முடியும் என்றார். திறந்தே வைத்திருக்க வேண்டும், மூடுவது பெரிய தவறு என்று இன்னோர் இடத்தில் படித்தேன். இரண்டு தரப்பும் அடித்துச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.


உள்முகம் | திங்கள், காலை 7:15

சகோதரி, உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னதுதான் சரி. ஐம்புலனும் வெளியே ஓடுபவை, அதில் முதலில் ஓடுவது கண். அதை அடைக்காமல் மனதை அடக்க நினைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரி. "ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்" என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். ஆமை தன் உறுப்புகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. இமையை மூடுவதும் அதேதான்.

தூக்கம் வந்தால் கண்மேல் பழி போடாதீர்கள். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? முதுகு நிமிர்ந்திருக்கிறதா? அவற்றைச் சரிசெய்யுங்கள். நான் 12 வருடமாகக் கண்மூடித்தான் உட்காருகிறேன். தொடக்கத்தில் எனக்கும் தலை தொங்கியது. இப்போது இல்லை.


வெறும்சுவர் | திங்கள், காலை 9:30

நான் எட்டு வருடமாக ஜென் முறையில் சுவரைப் பார்த்து உட்காருகிறேன். எங்கள் பக்கத்தில் சொல்வது இதற்கு நேர் எதிர்.

சீனத்தில் 1103இல் தொகுத்த ஒரு மடாலய விதிநூலில் உட்காரும் முறை பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. கண் சற்றே திறந்திருக்கட்டும், அப்போதுதான் உறக்கம் அண்டாது என்கிறது அது. கண்ணை இறுக மூடி உட்கார்ந்தவர்களை ஓர் ஆசான் கடிந்துகொண்டு, அது 'கரிய மலையின் பேய்க்குகை' என்று சொன்னதையும் அங்கேயே குறித்திருக்கிறார்கள். புதுத்தளிர், உங்கள் படிக்கட்டும் கதவும் கடலும் எனக்கு அந்தக் குகையைத்தான் நினைவூட்டுகின்றன. 1227இல் சீனாவிலிருந்து ஜப்பான் திரும்பிய ஜென் ஆசான் டோகன், தான் எழுதிய தியான வழிகாட்டியில் கண் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று இன்னும் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆனால் 'திறந்து' என்றதும் நீங்கள் வழக்கமாகப் பார்ப்பது மாதிரியே பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இப்படிச் செய்து பாருங்கள். முதலில் தலையை நேராக வைத்து எதிர்ச்சுவரைப் பாருங்கள். தலையை அசைக்காமல் பார்வையை மட்டும் மெல்லத் தாழ்த்துங்கள். ஓரிரு முழம் தள்ளித் தரையில் விழுந்தால் போதும். இப்போது மேலிமை தானாகப் பாதி இறங்கியிருக்கும். நீங்களாக இறக்க வேண்டியதில்லை. அப்புறம்தான் முக்கியமான வேலை. தரையைக் கூர்ந்து பார்க்கும் அந்தப் பிடியை விட்டுவிடுங்கள். தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு யோசனையில் இருக்கும்போது கிட்டே இருப்பது மங்கலாகத் தெரியுமே, அந்தப் பார்வை. இடது ஓரம், வலது ஓரம் இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும். கீறலும் தெரியும். ஆனால் கண் அதைப் போய்த் தொடாது.

கண்ணாடி போடுபவர் என்றால் கழற்றி வையுங்கள். பாதி வேலை முடிந்தது.


நரம்பியல்_மாணவி | திங்கள், பிற்பகல் 1:05

இரண்டு பக்கமும் சொல்வதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். 1929இல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்கு 8 முதல் 13 வரை ஏறி இறங்கும் ஓர் அலை, முக்கியமாகத் தலையின் பின்பக்கத்தில், பெரிதாகத் தெரியும். அதுதான் ஆல்ஃபா. கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடும். பின்மூளை பார்வைக்கான பகுதி. பார்க்க எதுவும் வராதபோது அது ஓய்வாக ஆடிக்கொண்டிருக்கிறது.

இதை வைத்து 'கண்மூடினால் ஆல்ஃபா வருகிறது, ஆல்ஃபாதான் தியானம்' என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். தியானம் என்ற சொல்லையே கேள்விப்படாதவரும் கண்ணை மூடினால் ஆல்ஃபா வரும். 1966இல் கசமட்சு, ஹிராய் என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜென் துறவிகளை அளந்து வெளியிட்டார்கள். அவர்கள் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும்போதே ஆல்ஃபா தொடர்ந்து வந்தது. நண்பர் வெறும்சுவர் சொன்ன 'போய்த் தொடாத' பார்வைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். இமை திறந்திருப்பதைவிட, எதையாவது பார்க்க முனைவதுதான் அந்த அலையைக் கலைப்பதில் பெரிய பங்கு வகிக்கலாம்.

புதுத்தளிர் அக்கா, நீங்கள் சொன்ன படங்கள் எனக்கு ரொம்பத் தெளிவாகப் புரிகின்றன. அது உறக்கத்தின் வாசற்படி. விழிப்பிலிருந்து உறக்கத்துக்குச் சரியும் அந்த ஓரிரு நிமிடத்தில் ஆல்ஃபா உடைந்து, அதைவிட மெதுவான தீட்டா அலை வரும். மூடிய இமைக்குள் விழி மெதுவாக இப்படியும் அப்படியும் உருளும். துண்டு துண்டாகக் காட்சிகள் தோன்றும், ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்காது. தசைகள் தளரும், அதனால்தான் கழுத்து விழுகிறது. எனவே அதை மனம் அலைகிறது என்று எடுத்துக்கொண்டு அடக்கப் போராடாதீர்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.


புதுத்தளிர் | திங்கள், பிற்பகல் 1:40

தங்கச்சி, மூன்று மாதமாக என் மனம்தான் மோசம் என்று நினைத்திருந்தேன். அது வெறும் தூக்கம் என்று யாரும் சொல்லவில்லை. ரொம்ப நன்றி.


இரவுப்பணி | திங்கள், இரவு 11:20

எனக்கும் இதே கதைதான். வாரத்துல நாலு நாள் நைட் ஷிஃப்ட். காலையில வந்து கண்ணை மூடி உட்கார்ந்தா ரெண்டே நிமிஷம், ஆள் காலி. தியானம்னு பேரு, நடந்தது தூக்கம். ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

அப்புறம் நானே ஒரு வழக்கம் வச்சுக்கிட்டேன். ஷிஃப்ட் முடிஞ்ச நாள்ல உட்காரவே மாட்டேன். நடப்பேன். அறைக்குள்ளேயே பத்தடி அந்தப் பக்கம், பத்தடி இந்தப் பக்கம். குதிகால் படுறது, பாதம் படுறது, விரல் எடுக்கிறது. கண்ணு திறந்துதான் இருக்கும், இல்லன்னா சுவத்துல முட்டிக்குவோம். லீவு நாள்ல நல்லா தூங்கி எழுந்து கண்ணை மூடி உட்காருவேன். அப்ப உள்முகம் அண்ணன் சொல்ற மாதிரி ரொம்ப ஆழமா போகும். அதனால ஏதாவது ஒண்ணுதான் சரின்னு எனக்குத் தோணல. அன்னிக்கு உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்கணும்.


ஏட்டுச்சுவடி | செவ்வாய், காலை 5:50

நண்பர் இரவுப்பணி தானாகக் கண்டுபிடித்ததைப் புத்தர் தம் சீடர் மொக்கல்லானருக்கே சொன்னதாகப் பாலி நூல்களில் இருக்கிறது. இன்னார் என்று பாருங்கள், சாதாரணச் சீடர் இல்லை, தலைமைச் சீடர்கள் இருவரில் ஒருவர். அவர் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார். புத்தர் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எந்த எண்ணத்தில் இருக்கும்போது தூக்கம் வந்ததோ அதை விடு. கேட்ட உபதேசத்தை நினைத்துப் பார். வாய்விட்டுச் சொல். காதை இழு, கை கால்களைத் தேய். அதுவும் பலிக்காவிட்டால் எழுந்து கண்ணை நீரால் கழுவி, நாலா திசையும் பார், அண்ணாந்து விண்மீன்களைப் பார். பிறகு பகல் வெளிச்சம் இருப்பதாக மனதில் நிறுத்து. நட. எதற்கும் அடங்காவிட்டால் வலப்பக்கம் சாய்ந்து படு, எழும் நேரத்தை மனதில் குறித்துக்கொண்டு.

தூக்கத்துக்கு மருந்தாகக் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்க்கச் சொன்னது எனக்கு எப்போது படித்தாலும் மனதைத் தொடும். தூங்கி விழுபவரைத் திட்டவும் இல்லை, விரட்டவும் இல்லை.

உள்முகம் அவர்களுக்கு ஒரு செய்தி. நம் பக்கத்து நூல்களும் 'மூடு' என்று ஒரே குரலில் சொல்லவில்லை. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் உட்காரும் முறை வருகிறது. உடல், தலை, கழுத்து நேராக இருக்க, திசைகளைப் பார்க்காமல் மூக்கு நுனியைப் பார்த்து என்கிறது. அந்த இடத்துக்கு எழுதிய உரையில் சங்கரர் ஒன்றைச் சேர்க்கிறார்: 'பார்ப்பது போல' என்று கொள்ள வேண்டும், உண்மையிலேயே மூக்கு நுனியைப் பார்த்தால் மனம் மூக்கில்தானே நிற்கும், ஆன்மாவில் அல்லவே என்று. திருமூலரும் "நாட்டம் இரண்டும் நடுமூக்கில் வைத்திடில்" என்றுதான் தொடங்குகிறார். அடயோக நூல்கள் சொல்லும் சாம்பவி முத்திரையில் கண் திறந்திருக்கும், இமைப்பு இருக்காது, இலக்கு மட்டும் உள்ளே. கண் மூடலாமா திறக்கலாமா என்று ரமணரையே கேட்டிருக்கிறார்கள். எப்படியும் செய்யலாம், மனம் உள்முகப்பட்டிருக்க வேண்டும் என்பதே அவர் பதில்.

நீங்கள் வைத்திருக்கும் பெயரையே அவரும் சொல்லியிருக்கிறார், பாருங்கள்.


உள்முகம் | செவ்வாய், காலை 8:10

ஐயா, படித்தேன். சங்கரர் சொன்னது எனக்குப் புதிது. யோசிக்கிறேன்.

ஆனாலும் பழகாதவர்களுக்குத் திறந்த கண் கடினம் என்பதில் நான் மாறவில்லை. மூக்கு நுனியைப் பார்க்கிறேன் என்று விழியை மாறுகண் ஆக்கித் தலைவலி வாங்கியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். புருவ நடுவைப் பார்க்கிறேன் என்று விழியை மேலே சொருகி உட்கார்ந்தவர்களும் உண்டு.


வெறும்சுவர் | செவ்வாய், காலை 8:55

அந்த எச்சரிக்கை நூற்றுக்கு நூறு சரி. கண்ணைச் சுற்றி எங்கே இறுக்கம் தெரிந்தாலும் தவறு நடக்கிறது என்று அர்த்தம். மூடியிருக்கும்போதும்தான். கண்ணை மூடியிருக்கும் பலர் இமையை அழுத்தி மூடியிருப்பார்கள், புருவம் சுருங்கியிருக்கும். திரை விழுவது போல இமை தன் எடையில் விழ வேண்டும்.


சின்னக்குரல் | செவ்வாய், இரவு 10:45

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன். இதில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என்னால் கண்ணை மூடவே முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு விபத்து. கண்ணை மூடி மூச்சைக் கவனி என்று சொன்னால், மூன்றாவது மூச்சிலேயே அந்தச் சத்தம் வந்துவிடுகிறது. நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. குழுவாக உட்கார்ந்த ஒரு வகுப்பில் நடுவில் கண்ணைத் திறந்துவிட்டேன். நடத்தியவர் 'ஓடாதே, உள்ளேயே இரு, எதிர்கொள்' என்றார். மறுபடி மூடினேன். அன்று வீடு வந்து சேர்ந்ததே பெரிய பாடு. அதோடு விட்டுவிட்டேன். எனக்குத் தியானம் ஒத்துவராது என்றுதான் முடிவு கட்டியிருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகு கேட்கிறேன், திறந்த கண்ணோடு எனக்கும் முடியுமா?


நரம்பியல்_மாணவி | செவ்வாய், இரவு 11:02

சின்னக்குரல், எழுதியதற்கு நன்றி. நீங்கள் செய்தது ஓட்டம் இல்லை. அன்று கண்ணைத் திறந்தது உங்கள் உடம்பு உங்களைக் காப்பாற்றிக்கொண்டது. விபத்து, வன்முறை போன்றவற்றைக் கடந்து வந்தவர்களுக்குக் கண்மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது இப்போது இந்தத் துறையில் பயிற்சி தருபவர்கள் பலரும் அழுத்திச் சொல்வது. கண்ணை மூடும்போது 'இப்போது, இங்கே' என்று காட்டும் தடயங்கள் குறைந்துபோகின்றன. உள்ளே இருக்கும் சத்தத்துக்கு எதிராக நிற்க எதுவும் இல்லாமல் போகிறது.

முடியும். ஆனால் தனியாகத் தொடங்காதீர்கள். இந்த மாதிரி பாதிப்புகளைக் கையாளும் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். தியானம் அந்தச் சிகிச்சைக்குப் பதில் ஆகாது.


ஆற்றங்கரை | புதன், காலை 4:35

மகளே சின்னக்குரல், நான் 31 வருடமாக உட்காருகிறேன், பலரோடு சேர்ந்தும் உட்கார்ந்திருக்கிறேன். 'உள்ளேயே இரு' என்று உங்களிடம் சொன்னது தவறு. பல வருடங்களுக்கு முன் நானும் ஒருவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர் திரும்பி வரவே இல்லை. இப்போதும் அது உறுத்துகிறது.

ஆலோசகரிடம் பேசுங்கள், தங்கை சொன்னது போல. அதோடு, என்றாவது உட்காரத் தோன்றினால் இப்படி உட்காருங்கள். கதவு கண்ணில் படும்படி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி. கண் நன்றாகத் திறந்தே இருக்கட்டும். மூச்சைக் கவனிக்க வேண்டாம். மூச்சு உங்களுக்கு இப்போது நல்ல துணை இல்லை. இரண்டு பாதமும் தரையில் அழுந்துவதை உணருங்கள். அறையில் அசையாமல் இருக்கும் ஐந்து பொருளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், பெயர் சொல்லுங்கள். மூன்று நிமிடம் போதும். எழுந்துவிடுங்கள். நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் மூன்று நிமிடம்கூட வேண்டாம், அப்போதே எழுந்து நடங்கள். அதுவும் பயிற்சிதான்.


சின்னக்குரல் | புதன், காலை 6:20

ஐயா, வாசித்துவிட்டு அழுதுவிட்டேன். நன்றி.


கூர்நோக்கு | புதன், மாலை 6:10

இழைக்குச் சற்று விலகிய கேள்வி. நான் திறந்த கண்ணோடு வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கிறேன், இமைக்காமல். ஒரு வாரமாக அதிசயம் நடக்கிறது. அரை நிமிடத்தில் புள்ளியைச் சுற்றி இருப்பதெல்லாம் கரைந்துபோகிறது. சுவிட்ச், மாட்டியிருக்கும் நாள்காட்டி எல்லாம் மறைந்து வெறும் வெளிச்சம் மட்டும் நிற்கிறது. இது எந்த நிலை? அடுத்து என்ன செய்ய வேண்டும்?


நரம்பியல்_மாணவி | புதன், மாலை 7:30

கூர்நோக்கு, இதை 1804லேயே டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் குறித்து வைத்திருக்கிறார். ஒரே புள்ளியில் பார்வையை நிலைநிறுத்தினால் ஓரத்தில் இருப்பவை மங்கி மறையும். மாறாத ஒன்றைப் பற்றித் தொடர்ந்து தகவல் அனுப்புவதைப் பார்வை நரம்பணுக்கள் குறைத்துக்கொள்கின்றன. சட்டை தோளில் படுவதை உடுத்திய சிறிது நேரத்தில் மறந்துவிடுகிறோமே, அதைப் போல. ஒருமுறை இமைத்தால் நாள்காட்டி திரும்பி வந்துவிடும், பாருங்கள்.

மறைவது பார்வை நிலையாக நிற்பதைக் காட்டுகிறது, அந்த அளவில் நல்ல அறிகுறி. அதற்கு மேல் அதைப் படிநிலையாக எண்ண வேண்டாம். அப்புறம், வெள்ளைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூரியனைப் பார்த்துத் தியானம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விழித்திரை வெந்துபோகும், அந்த நேரத்தில் வலிகூடத் தெரியாது.


ஆற்றங்கரை | புதன், இரவு 8:00

இமைக்காமல் இருப்பது திராடகத்துக்கு உரியது. கண்ணில் நீர் வரும்வரை பார் என்று அங்கே சொல்வார்கள், பிறகு மூடிவிடுவார்கள். அது ஒரு தனிப் பயிற்சி, குறுகிய நேரம் செய்வது. அரைமணி நேரம் மூச்சோடு உட்காருபவர் அதைச் செய்தால் கண் எரிந்து சிவப்பதுதான் மிச்சம். இமை தானாக இமைக்கட்டும்.


விரல்நுனி | வியாழன், காலை 10:15

திரைவாசிப்பான் வழியாக இந்த இழை முழுவதையும் கேட்டேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. நான் ஒன்பது வருடமாக உட்காருகிறேன். எனவே இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. எனக்கு இமை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது, காற்று விழியில் படுகிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

உள்முகம் குறளைச் சொன்னார். அதில் 'ஐந்தடக்கல்' என்று இருக்கிறது. ஐந்தும். எனக்கு வெளியே ஓடும் புலன் காது. காதுக்கு இமை கிடையாது. நான் உட்காரும் அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கிறது. முதல் வருடம் முழுக்க அது எனக்கு எதிரி. அதைக் கழற்றிவிட்டால் அமைதி வந்துவிடும் என்று நினைத்துக் கழற்றினேன். பிறகு மின்விசிறி, பிறகு பக்கத்து அறையில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். அடைத்து முடியவில்லை.

வேறு வழியில்லாததால் மெல்ல ஒன்று பிடிபட்டது. கடிகாரம் 'டிக்' என்றதும் நான் அதை எண்ண ஆரம்பிப்பேன். எண்ணாமல் இருந்தால் அடுத்தது எப்போது வரும் என்று முன்னால் போய்க் காத்திருப்பேன். இந்த இரண்டையும் செய்யாத நாளில் சத்தம் வரும், போகும், மூச்சும் அதன் பக்கத்திலேயே வந்து போகும். கடிகாரத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

புதுத்தளிர், உங்கள் கீறலைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அந்தக் கடிகாரம்தான் நினைவுக்கு வந்தது. நாற்காலி இழுத்ததா என்று கேட்பது நான் எண்ணிய மாதிரி. கீறல் இருந்துவிட்டுப் போகட்டுமே.


உள்முகம் | வியாழன், பிற்பகல் 12:40

விரல்நுனி, வணக்கம். நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். குறளில் 'ஐந்து' என்று இருப்பதை இத்தனை வருடம் சொல்லியும் நான் கண்ணோடு நிறுத்திவிட்டேன்.

இன்று காலை, 12 வருடத்தில் முதல்முறையாக, கடைசிப் பத்து நிமிடம் கண்ணைத் திறந்து உட்கார்ந்தேன். திறந்த நொடியில் உள்ளே இருந்த அமைதி அப்படியே சிதறிவிட்டது. எனக்கு அது அதிர்ச்சி. 12 வருட அமைதி இமைக்குப் பின்னால் மட்டும்தான் இருந்ததா? அப்படியானால் எழுந்து வேலைக்குப் போன பிறகு அது எங்கே இருந்தது? ஐயா ஆற்றங்கரை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


ஆற்றங்கரை | வியாழன், இரவு 9:15

தம்பி, அமைதி பொய் இல்லை. இருட்டறையில் வளர்த்த செடி வெயிலுக்கு வாடுகிறது, அவ்வளவுதான். பதறி நடு வெயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். கடைசி இரண்டு நிமிடம் மட்டும் திறங்கள். இமையை ஒரு கோடளவு தூக்கி, வெளிச்சம் மட்டும் உள்ளே வரட்டும், உருவம் வேண்டாம். அதில் மூச்சு நிற்கிறதா பாருங்கள். நின்றால் இன்னும் ஒரு கோடு. நிற்காவிட்டால் இறக்கிவிடுங்கள். நான் அதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். அப்புறம் உட்காரும் இடத்திலிருந்து எழுவதற்கும் கதவைத் திறப்பதற்கும் நடுவில் அந்த முறிவு வருவது குறைந்தது.

இன்னொன்று. உடம்புக்கு முடியாதவர்களும் வயதானவர்களும் இதைப் படிப்பீர்கள். கண் மூடியதும் உடம்பு லேசாக ஆடும், நிலையாக நிற்பதற்குப் பார்வையும் ஒரு பிடிமானம் என்பதால். நின்றபடி பயிற்சி செய்பவர்கள் கண்ணைத் திறந்தே வையுங்கள். எனக்கு இப்போது நாற்காலிதான், கைப்பிடி உள்ளது.


புதுத்தளிர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7:30

எல்லோருக்கும் வணக்கம். பதில் எழுதத் தாமதம். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதல் வாரம் வெறும்சுவர் சொன்ன பார்வை கைக்கு வரவே இல்லை. பிடியை விடு, விடு என்று சொல்லிக்கொண்டே இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இரண்டாம் வாரம் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். கீறல் சாம்பல் நிறத்தில் ஒரு நிழலாகிவிட்டது. அந்த வாரம்தான் முதல்முறையாக மூச்சும் தரையும் ஒன்றாக இருந்தன. நீண்ட நேரம் இல்லை, ஏழெட்டு மூச்சு இருக்கும்.

இப்போது செய்வது இது. கண் மூடித்தான் தொடங்குகிறேன். முதல் ஐந்து நிமிடம் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, அதை விட மனம் வரவில்லை. முதல் படம் தோன்றியதும் திறந்துவிடுகிறேன். நேற்று வந்தது ஒரு சிவப்புக் குடை. முன்பெல்லாம் குடை யாருடையது என்று பின்னாலேயே போயிருப்பேன். நேற்று குடையைக் கண்டதும் 'ஓ, தூக்கம்' என்று தெரிந்துவிட்டது, இமை தானாக எழுந்தது. சின்னக் கவலை ஒன்றும் உண்டு. இப்படி நடுவில் மாற்றுவது தவறா? ஒரு பயிற்சியில் ஒரே முறைதான் வைக்க வேண்டும் என்பார்களே.

இன்னொரு கேள்வி, வெறும்சுவர் அண்ணாவுக்கு. தரைக்குப் பதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு தூரம் விட வேண்டும்?


ஏட்டுச்சுவடி | ஞாயிறு, காலை 8:05

மொக்கல்லானருக்குச் சொன்னதில் எத்தனை மாற்றம் வருகிறது என்று மேலே ஒருமுறை எண்ணிப் பாருங்கள், அம்மா. மாற்றலாம். சலிப்பினால் மாற்றினால்தான் யோசிக்க வேண்டும். நீங்கள் குடையைப் பார்த்துத்தானே மாற்றினீர்கள்.


வெறும்சுவர் | ஞாயிறு, காலை 10:20

கையை நீட்டினால் விரல் நுனி சுவரைத் தொடாத அளவு இடம் இருந்தால் போதும். ரொம்ப நெருங்கினால் கண் மாறுகண்ணாகும், தள்ளினால் அறையில் இருக்கும் மற்ற பொருட்கள் எல்லாம் பார்வைக்குள் வந்துவிடும். வெளிச்சம் உங்கள் பக்கவாட்டில் இருந்து வரட்டும். முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் உங்கள் நிழலே சுவரில் விழும், மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்குவது தெரியும். எனக்கு அந்த நிழலிலேயே ஒரு மாதம் போயிற்று.


சின்னக்குரல் | ஞாயிறு, மாலை 5:50

நான் ஆலோசகரிடம் போக ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு முறை போயாயிற்று. நேற்று கதவு தெரியும்படி உட்கார்ந்தேன். மூன்று நிமிடம். ஜன்னல், மேசை, தண்ணீர்ப் பாட்டில், என் செருப்பு, கதவின் தாழ்ப்பாள். அவ்வளவுதான் பார்த்தேன்.